சிங்கப்பூர் சித்தப்பாவின் பணத்தை வாசகர் வட்டத்துக்கு வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊரில் ஒன்பது பேர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். அரசமைப்புச் சட்டம், கிராம சபை, தகவல் அறியும் உரிமை என்று ஒரு பொருளை எடுத்து, அதைப் பற்றிய புத்தகத்தைப் படித்துவிட்டு ஊராருடன் பேசுகிறோம். எந்தக் கட்சியையும் சேர்ந்தவர்கள் இல்லை. புத்தகம், பேச்சாளரின் பஸ் செலவு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 40,000 ரூபாய் வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பாவும் துபாயில் வேலை செய்யும் நண்பரும் தருவதாகச் சொல்கிறார்கள். 35,000 ரூபாய் கொடுத்தால் டிரஸ்ட் பதிவு, 80ஜி எல்லாம் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் ஒரு வருடத்துப் புத்தகக் காசு கிட்டத்தட்ட அப்படியே அவர் பைக்குப் போய்விடும். பதிலுக்குக் கிடைப்பது இப்போது உங்களுக்குத் தேவையே இல்லாத காகிதங்கள்.

80ஜி சான்றிதழ் இருந்தால் நன்கொடை தருபவருக்கு வருமான வரியில் சலுகை கிடைக்கும், அது இருந்தால்தான் நன்கொடை வரும் என்று அவர் சொல்லியிருப்பார். அந்தச் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். புதிய வரி முறையில் இருப்பவர் எவ்வளவு கொடுத்தாலும் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. சம்பளக்காரர்களில் நிறையப் பேர் இப்போது புதிய முறைக்குப் போய்விட்டார்கள். பழைய முறையில் இருப்பவரும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்குச் சலுகை கிடையாது. உங்களுக்கோ அந்தச் சான்றிதழ் வந்த பிறகு வேலை கூடும். நன்கொடை தந்தவர் ஒவ்வொருவருடைய விவரத்தையும் வருடா வருடம் மே 31-க்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். தவறினால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். பல கோடி புரளும் கல்லூரி டிரஸ்ட்டுக்கும் நாற்பதாயிரத்தில் ஓடும் வாசகர் வட்டத்துக்கும் ஒரே படிவம், ஒரே கெடு. சின்ன அமைப்புகளுக்கு ஒற்றைப் பக்கத்தில் ஒரு வழி செய்து கொடுக்க வருமான வரித் துறைக்கு இத்தனை வருடமாக மனம் வரவில்லை.

இந்தத் தரகர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 80ஜி, 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்கு), தர்பன் (தொண்டு அமைப்புகளுக்கான அரசுத் தளத்தில் பதிவு), சிஎஸ்ஆர்-1 (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி வாங்குவதற்கான பதிவு) என்று அடுக்கி ‘பேக்கேஜ்’ என்பார்கள். இந்த விண்ணப்பங்களுக்கு அரசு கேட்கும் கட்டணம் எதுவும் இல்லை. டிரஸ்ட் பத்திரத்துக்கு மட்டும்தான் சார்பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உண்டு. பத்திரத்தையும் சொந்தமாக எழுத மாட்டார்கள், எங்கிருந்தோ நகல் எடுப்பார்கள். புத்தகம் படிக்க ஆரம்பித்த குழு ஒன்றின் பத்திரத்தை நானே பார்த்தேன். நோக்கங்கள் மூன்று பக்கம். மாட்டுப் பண்ணை இருந்தது, நர்சிங் கல்லூரி இருந்தது, திருமண மண்டபம் இருந்தது. வாசிப்பு என்ற வார்த்தை எங்குமே இல்லை. அதைவிட மோசம், வருமான வரித் தளத்தில் தரகர் தன் மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் பதிந்து வைத்திருந்தார். துறையிலிருந்து வந்த கடிதமெல்லாம் அவருக்கே போனது. குழுவுக்குத் தெரிந்தபோது பதில் சொல்ல வேண்டிய நாள் கடந்துவிட்டது. கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால், அந்த அழைப்பை அப்போதே துண்டித்துவிடுங்கள்.

அடுத்து வெளிநாட்டுப் பணம். இதை நிதானமாகப் படியுங்கள், நல்ல மனிதர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010 பார்ப்பது பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதை அல்ல, கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதை. துபாய் நண்பரிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும். அவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. தாராளமாக வாங்கலாம், அவருடைய பாஸ்போர்ட் நகல் ஒன்றை மட்டும் கோப்பில் வையுங்கள்.

சித்தப்பா சிங்கப்பூரில் பிஆர் என்ற நிரந்தர வசிப்புரிமையை மட்டும் வைத்துக்கொண்டு இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே இருக்கிறார் என்றால் அவருக்கும் இதே கதைதான். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர், அவர் தரும் பணத்தை வட்டம் அப்படியே வாங்க முடியாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் இது மாறாது. ஊருக்கு வந்தபோது கையில் ரூபாய் நோட்டாகக் கொடுத்தாலும் மாறாது. வட்டத்துக்கென்று பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்பினாலும் சிக்கல்தான், சட்டம் பொருளையும் சேர்த்தே எண்ணுகிறது.

‘என் பெயருக்கு அனுப்பட்டும், உறவினர் கொடுத்ததுதானே, அதை நான் வட்டத்துக்குக் கொடுத்துவிடுகிறேன்’ என்று தோன்றும். இரண்டு காரணத்தால் அது நிற்காது. வருமான வரிச் சட்டத்தில் சித்தப்பா உறவினர். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமோ உறவினர் யார் என்பதற்குக் கம்பெனிச் சட்டத்தின் பட்டியலை எடுத்துக்கொள்கிறது, அந்தப் பட்டியலில் அவர் இல்லை. அதில் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்று நெருங்கிய சிலரே வருகிறார்கள். அப்புறம், ஒருவர் கைக்கு வந்து இன்னொருவர் கைக்கு மாறினாலும் அது வெளிநாட்டு நன்கொடையாகவே கருதப்படும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் முறைப்படி பதிவு செய்யலாமே என்றால், அமைப்பு தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். நாற்பதாயிரத்தில் நடக்கும் வட்டம் எந்தக் காலத்தில் 15 லட்சம் காட்டுவது? குடிமக்கள் சட்டம் படிக்கக் கூடுவதற்கு இவ்வளவு உயரத்தில் கதவு வைத்தால் யார் நுழைய முடியும்? சித்தப்பாவிடம் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் என்றால் பணத்துக்குப் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்து அந்த ஊர் நகர மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று பேசச் சொல்லுங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போங்கள். 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. வசூலித்த உள்ளாட்சி அமைப்புகள் அதை நூலகத்துக்குச் செலுத்தாமல் இழுத்தடிக்கும் கதை ஊருக்கு ஊர் உண்டு, அதுவே உங்கள் அடுத்த கூட்டத்துக்கு நல்ல தலைப்பு. நூலகத்தின் வாசகர் வட்டமாக நீங்கள் இயங்கினால் இடம் கிடைக்கும், நாற்காலி கிடைக்கும், பாதிப் புத்தகங்களும் அங்கேயே இருக்கும். மீதிச் செலவுக்கு ஒன்பது பேரும் மாதம் 200 ரூபாய் போட்டால் வருடத்துக்கு 21,600 ஆகிறது. துபாய் நண்பர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்.

அந்தப் பணத்தை ஒருவருடைய ஜிபே எண்ணில் வாங்காதீர்கள். ஒரே நபரின் கணக்கில் உறவினர் அல்லாதவர்கள் போட்ட தொகை வருடத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் அது அவருடைய வருமானமா என்ற கேள்வி வரும். இரண்டு பேர் கையெழுத்துப் போடும் தனிக் கணக்கு, எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம், கூட்டத்தில் வாசிக்கும் வரவு செலவு, இவை வேண்டும். சங்கமாகப் பதிய வேண்டுமா என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் போதும், நீங்கள் ஒன்பது பேர். உங்களில் யாராவது பணியில் இருக்கும் அரசு ஊழியர் என்றால் அவர் பெயரில் வசூல் வேண்டாம், அதற்கு முன் அனுமதி தேவை.

வார்டு கவுன்சிலரோ, நாளை நிற்கப் போகிறவரோ பத்தாயிரம் தந்து பேனரில் படம் கேட்பார். யாராக இருந்தாலும் வாங்காதீர்கள். ஒரு கட்சிக்காரரின் படம் ஏறிய கூட்டத்துக்கு மற்றக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளை வராது. எல்லாக் கட்சிக்காரரும் பார்வையாளராக உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். அதற்குத் தடை இல்லை.

அந்தத் தரகரிடம் ஆதார், பான் நகல் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், என் பெயரில் எதையும் விண்ணப்பிக்க வேண்டாம் என்று இன்றே அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பிறகு வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணை வைத்து உள்ளே போய், அங்கே பதிந்திருக்கும் மொபைல் எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள்.