கிராண்ட் கீசர் முன்னால் மூன்று மணி நேரம்

அன்புள்ள ஐயா,

செப்டம்பரில் அப்பா அம்மாவை அமெரிக்காவின் யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காக்களுக்குக் கூட்டிப்போகிறேன். வழிகாட்டியோடு ஐந்து நாள், வேனில் பன்னிரண்டு பேர். அப்பாவுக்கு முழங்கால் வலி. பயணத்திட்டத்தில் ஒரு மதியம் முழுக்க, மூன்று மணி நேரம், கிராண்ட் கீசர் என்ற பீறிடும் வெந்நீர் ஊற்று மட்டும்தான்! அதை ஒரு மணி நேரமாக்கி இன்னும் இரண்டு இடம் சேர்க்கச் சொல்லலாமா? காட்டெருமை பக்கத்தில் அம்மாவை நிற்கவைத்து ஒரு படமும் எடுக்க ஆசை. என்ன ஜாக்கெட் வாங்குவது?

கௌதமி

அன்புள்ள கௌதமி,

ஜாக்கெட் எதுவானாலும் சரி. செப்டம்பரிலேயே பனி விழலாம், இரண்டு மூன்று அடுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று மணி நேரத்தில் கைவைக்காதீர்கள். திட்டம் போட்டவருக்கு இடம் தெரிந்திருக்கிறது.

யெல்லோஸ்டோனின் இன்னொரு கீசரான ஓல்டு ஃபெயித்ஃபுல் எப்போது பீறிடும் என்பதைப் பத்து நிமிடம் முன்பின்னாகச் சொல்லிவிடலாம். போனமுறை இரண்டரை நிமிடத்துக்குள் அடங்கியிருந்தால் அடுத்தது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில், அதற்கு மேல் நீடித்திருந்தால் ஒன்றரை மணி நேரத்தில். கிராண்ட் ஆறேழு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் எழும், 200 அடி வரை. நேரம் கணிக்கக்கூடிய கீசர்களில் உலகிலேயே உயரமானது அதுதான். ஆனால் அந்தக் கணிப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்பின்னாகப் போகும். ஒரு மணி நேரம் மட்டும் ஒதுக்கினால் ஆவியைப் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான்.

பெஞ்சில் உட்கார்ந்து கிராண்டின் குளத்தைப் பாருங்கள். பக்கத்தில் டர்பன் என்ற சின்னக் கீசர் சுமார் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பொங்கும். அது தொடங்குகிற நேரத்தை ஒட்டித்தான் கிராண்ட் கிளம்பும். குளம் நிறைந்து, அலை விளிம்பைத் தாண்டினால் அப்பாவைத் தயாராகச் சொல்லுங்கள். நீர்மட்டம் இறங்கி டர்பன் மட்டும் பொங்கினால் இன்னொரு இருபது நிமிடம். கிராண்ட் பத்து நிமிடம் போல ஆடிவிட்டு அடங்கியதும் கூட்டம் கலையும். நீங்கள் எழுந்திருக்காதீர்கள். சில தடவை சற்று நேரத்திலேயே மறுபடி எழும், முதல் தடவையைவிட உயரமாகக்கூட.

கீசருக்கு அடியில், பாறைக்குள் குறுகலான குழாய்கள். மேலே நிற்கும் நீரின் எடை அழுத்துவதால், அடிநீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறியும் கொதிக்காமல் கிடக்கிறது. மேல்நீர் கொஞ்சம் வழிந்ததும் அழுத்தம் குறைந்து அத்தனையும் ஆவியாகி வெடிக்கிறது. குழாய் அடைந்தால் எல்லாம் போயிற்று. யெல்லோஸ்டோனின் நாரிஸ் பகுதியில் மினிட் கீசர் பழைய குதிரைவண்டிப் பாதையிலிருந்து 70 அடிதான். வந்தவர்கள் கல்லைப் போட்டுப் போட்டு அதன் பெரிய வாய் தூர்ந்தேவிட்டது.

காட்டெருமைப் படத்துக்கு வருகிறேன். கூடவே கூடாது! 75 அடி தள்ளி நிற்கவேண்டும் என்பது அங்கே சட்டம். கரடிக்கும் ஓநாய்க்கும் 300 அடி. 900 கிலோ வரை எடையுள்ள விலங்கு, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். வாலைத் தூக்கினால் பாயப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்காரர் எங்கே ஓடுவார்? 2023இல் லாமர் பள்ளத்தாக்கில் ஒருவர் உதவுவதாக நினைத்து ஒரு கன்றைத் தொட்டுத் தள்ளினார். மந்தை அதைச் சேர்க்கவில்லை. கடைசியில் கன்றைக் கொல்லவேண்டியதாயிற்று. அம்மாவை வேன் சன்னலோரம் உட்காரவைத்து எடுங்கள், முகமும் தெளிவாக விழும்.

அப்பாவால் கிராண்டுக்கு நடக்கமுடியும். வழி பெரும்பாலும் மேடுபள்ளம் இல்லாதது, இடையில் உட்கார்ந்து போகலாம். மூன்று மணி நேரம் இருப்பதால் யாரும் அவரை அவசரப்படுத்தமாட்டார்கள். நேரத்தைக் குறைக்கச் சொல்லி ஏற்கெனவே அவர்களுக்கு எழுதியிருந்தால், வேண்டாம் என்று இன்றே இன்னொரு கடிதம் அனுப்புங்கள்.