அப்பாவின் பில் இருக்கிறது, புல்லட் எங்கே?

கேள்வி: அப்பா 1971-இல் புதிதாக வாங்கிய என்ஃபீல்டு புல்லட்டை 1986-இல் விற்றுவிட்டார். ஆர்.சி. புக் வண்டியோடு போய்விட்டது. அவர் காலமான பிறகு பெட்டியைத் திறந்தால் ஷோரூம் பில், கையேடு, ஆர்.சி. புக்கின் நகல், வரி ரசீதுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. வண்டியைத் தேடிப் பிடித்து வாங்க ஆசை. ஒரு புரோக்கர், "அதே வண்டி சேலம் பக்கம் இருக்கு சார். பேப்பரையெல்லாம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல போடுங்க, பத்தாயிரம் அட்வான்ஸ் அனுப்புங்க, முடிச்சுடலாம்" என்கிறார். நம்பலாமா?
– வாசகர், கரூர்

பதில்: இரண்டையும் அனுப்பாதீர்கள். அட்வான்ஸ் போனால் நஷ்டம் பத்தாயிரம்தான். பில்லின் படம் போனால், உங்களுக்கென்றே ஒரு புல்லட் தயாராகிவிடும்! சேசிஸ் நம்பர் (வண்டியின் பிரேமில் அடித்திருக்கும் எண்), இன்ஜின் நம்பர் இரண்டும் அந்தப் பில்லில் இருக்கும். ஏதோ ஒரு பழைய பிரேமில் இருப்பதைத் தேய்த்துவிட்டு உங்கள் நம்பரை அடித்துத் தர ஆள் இருக்கிறது.

நீங்கள்தான் கேட்க வேண்டும். ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துக் குழாயில் சேசிஸ் நம்பர் அடித்திருக்கும். அதன் மேல் தாளை வைத்து பென்சில் பிரிண்ட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் கையில் உள்ள நம்பரில் ஓர் இலக்கத்தைக்கூட வாய்விட வேண்டாம். இன்று, நாளை என்று இழுத்தடித்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள். பிரிண்ட் பொருந்தினாலும் நேரில் போய்ப் பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட், தேய்த்த பள்ளம், ஏறி இறங்கி நிற்கும் எண்கள், இதில் எது இருந்தாலும் சந்தேகப்படலாம்.

இன்ஜின் நம்பர் மாறியிருந்தால் மட்டும் உடனே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றிய புல்லட்டுகள் ஒரு காலத்தில் ஏராளம். மாற்றியது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டியை அடையாளம் காட்டுவது சேசிஸ்தான்.

சரி, புரோக்கர் இல்லாமல் எப்படித் தேடுவது? பதிவு நம்பரை, வண்டி விவரம் காட்டும் அரசின் எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். 1989-க்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர்கள் பல கணினியில் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் இன்ஷூரன்ஸ் தேதியைக் கவனியுங்கள். அண்மையில் கட்டியிருந்தால் வண்டி எங்கோ உயிரோடு இருக்கிறது. ஏறவில்லை என்றால் வண்டி முதலில் பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு ஓர் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள். இப்போதைய உரிமையாளரின் பெயர், முகவரி கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்கவே வாய்ப்பு அதிகம். பதிவு கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, வேறு ஊருக்கு என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) கொடுத்தார்களா, பதிவு ரத்தாகிவிட்டதா என்று மட்டும் கேளுங்கள். என்.ஓ.சி. எந்த ஊருக்குப் போனதோ, அங்கே உள்ள பழைய புல்லட் மெக்கானிக்குகளைப் பிடியுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸைவிட அவர்களுக்கு ஞாபக சக்தி அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

ஒருவேளை வண்டி இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால்? விற்று முப்பது வருடம் ஆகியும் பெயர் மாற்றாத வண்டிகள் உண்டு. விபத்து நடந்தால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படி இருந்தால், அப்பா இறந்ததையும் வண்டி 1986-லேயே கைமாறியதையும் ஆர்.டி.ஓ.வுக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள். வாங்கும் ஆசை அப்புறம்.

முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிவிட்டதால், அசல் வடிவம் மாறாமல் இருந்தால் 2021 விதிகளின்படி விண்டேஜ் பதிவு கேட்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி போன்றவற்றுக்கு மட்டும்தான். கடைக்குப் போய்வர வண்டி வேண்டுமென்றால் விண்டேஜ் பக்கம் போகாமல், சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

விலை பேசும்போது பில் உங்களிடம் இருப்பதை முதலிலேயே காட்டிவிடாதீர்கள். எவ்வளவு ஆசைப்படுகிறீர்கள் என்று தெரிந்தால் விலை ஏறும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் அசல் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே கையெழுத்துப் போட வேண்டும். வண்டி வெளிமாநிலத்தில் இருந்தால் படிவம் 28-இல் என்.ஓ.சி.யும் வேண்டும். பெயர் மாறும்வரை ஒரு பகுதித் தொகையைக் கையிலேயே வைத்திருங்கள்.