கணவருக்கு டிபி... குழந்தைகளுக்கும் வந்துவிடுமா?

கேள்வி: என் கணவருக்கு 36 வயது, விசைத்தறியில் வேலை. சளிப் பரிசோதனையில் நுரையீரல் டிபி என்று தெரிந்து மூன்று வாரமாக மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டில் 4 வயதுப் பையன், 9 வயதுப் பெண், சர்க்கரை நோயுள்ள மாமியார் இருக்கிறார்கள். இருப்பது ஒரே அறை. அவருடைய தட்டு, தம்ளர், பாய் எல்லாவற்றையும் தனியாக்கிவிட்டேன். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாமா? நல்ல சாப்பாடு கொடுத்தால் மற்றவர்களுக்கு வராது என்று ஓர் ஆராய்ச்சி சொல்வதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: முதலில் அந்தத் தட்டையும் தம்ளரையும் பழைய இடத்திலேயே வையுங்கள் அம்மா. டிபி கிருமி காற்றில் பரவுவது. இருமும்போது வெளிவருவதை அடுத்தவர் சுவாசித்தால்தான் தொற்றும். பாத்திரத்தால் வராது. சன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது அவர் வாயைத் துணியால் மூடிக்கொள்ளட்டும்.

ஆஸ்பத்திரியில் சேர்ப்பது பற்றிய உங்கள் கேள்விக்கு நம் சென்னையிலேயே விடை கிடைத்தது. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆய்வு மையத்தில் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்), ஏழை நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்திலும் (டிபி நோயாளிகளைத் தங்கவைக்கும் ஆஸ்பத்திரி) மீதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களுடன் இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவும் இல்லை. ஏனென்றால், நோய் இன்னதென்று தெரியாமல் வாரக்கணக்கில் இருமும் காலத்தில்தான் தொற்று அதிகம் பரவுகிறது. சரியான மருந்து உள்ளே போனதும் அது வேகமாகக் குறைந்துவிடும். அதனால் அவர் வீட்டிலேயே இருக்கலாம். ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: டிபிக்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுகிறதா என்ற பரிசோதனை முடிவு வந்துவிட்டதா? கட்டுப்படாத கிருமி என்றால் மருந்தே வேறு.

அந்தச் சென்னை ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. வீட்டில் இருந்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களைவிட மோசமான சாப்பாடு சாப்பிட்டும் குணமானார்கள். அப்புறம் என்ன, மருந்து போதும், சாப்பாடு அவ்வளவு முக்கியமில்லை என்ற எண்ணம் மருத்துவர்களிடம் நிலைத்துவிட்டது. நோயாளிக்கு அது ஓரளவு சரி. அவர் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு?

இதைத்தான் நீங்கள் கேள்விப்பட்ட ஆராய்ச்சி கேட்டது. ‘ரேஷன்ஸ்’ என்று பெயர்; ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடந்தது, முடிவுகள் 2023 ஆகஸ்டில் வெளிவந்தன. மருத்துவர் அனுராக் பார்கவாவும் அவருடைய குழுவினரும் 2,800 நோயாளிகளின் வீடுகளில் இருந்த பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்களைக் கவனித்தார்கள். எல்லா நோயாளிகளுக்கும் உணவுப் பொருள் போனது. பாதி வீடுகளில் மட்டும் குடும்பத்தாருக்கும் கொடுத்தார்கள்: பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே வைட்டமின் மாத்திரை. அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. நுரையீரலில் வந்து பிறருக்குப் பரவக்கூடிய வகை 48 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை இது! படித்த அன்று எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, இவ்வளவு நாள் இதைச் செய்யாமல் விட்டோமே என்று வருத்தமாகவும் இருந்தது.

ஆனால் ‘வரவே வராது’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை வறுமையில் வாடிய குடும்பங்கள். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு உடல் எடை குறைவு. நன்றாகச் சாப்பிடும் வீட்டில் இதே அளவு பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே உணவோடு தடுப்பு மருந்தும் வேண்டும். எல்லோரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் டிபி இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். இல்லையென்றால் தடுப்பு மருந்து தருவார்கள். பையனை முதலில் காட்டுங்கள்; ஐந்து வயதுக்குள் வரும் டிபி மூளை வரை போகக்கூடியது. மாமியாரின் சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். வாரம் ஒருமுறை சாப்பிடும் தடுப்பு மருந்தில் உள்ள ரிஃபாபென்டின் சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும்.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம். பருப்பு, முட்டை, வேர்க்கடலை, சுண்டல், எது முடிகிறதோ அது. டிபி நோயாளிகளின் சாப்பாட்டுக்காக மத்திய அரசு பணம் தரும் நிக்ஷய் போஷன் திட்டத்தில் சிகிச்சை முடியும்வரை உங்கள் கணவருக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு. வங்கிக் கணக்கு விவரம் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். அவர் எடையையும் மாதாமாதம் குறித்து வையுங்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்ததையும் அந்த ‘ரேஷன்ஸ்’ ஆராய்ச்சி காட்டியது.

பிள்ளைகள், மாமியார் என்று எல்லோரையும் எண்ணி எழுதியிருக்கிறீர்கள், உங்களை எழுதவில்லை. அவருடன் அதே அறையில்தான் நீங்களும் படுக்கிறீர்கள். எக்ஸ்ரே எடுக்கப் போகும்போது உங்களுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை வாங்கும்போது உங்களுக்கும் ஒன்று சேர்த்து வாங்குங்கள்.