எக்ஸ்க்ளூசிவ் கான்ட்ராக்ட் வந்திருக்கு, கையெழுத்து போடலாமா?

கேள்வி: ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபரா இருக்கேன், ட்ராவல் படமும் மக்கள் படமும்தான் அதிகம். ஒரு போட்டோ ஏஜென்சி எக்ஸ்க்ளூசிவ் கான்ட்ராக்ட் அனுப்பியிருக்காங்க. 3 வருஷம், நான் எடுக்குற எல்லா படத்தையும் அவங்க மூலமாத்தான் விக்கணும், எனக்கு 40 சதவீதம். எக்ஸ்க்ளூசிவ் வேணாம்னா 25தான்னு சொல்றாங்க. ரொம்ப பேரம் பேசினா வாய்ப்பே போயிடுமோன்னு பயமா இருக்கு. எதைக் கேக்கலாம், எதை விட்டுக் குடுக்கலாம்?

பதில்: 40ஐயும் 25ஐயும் கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. "எல்லா படத்தையும்"னு போட்டிருக்காங்க பாருங்க, பேச வேண்டியது அங்கதான். எக்ஸ்க்ளூசிவ்ல ஆளையே கட்டிப்போடுறது ஒரு வகை, குறிப்பிட்ட படத்தை மட்டும் கட்டிப்போடுறது இன்னொரு வகை. ஐஸ்டாக்ங்கிற படம் விக்கிற சைட் முதல் வகை, நீங்க ராயல்டி ஃப்ரீயா (ஒரு தடவை காசு குடுத்துட்டு திரும்பத் திரும்ப பயன்படுத்திக்கலாம்ங்கிற முறையில) விக்கிற படமெல்லாம் அவங்ககிட்ட மட்டும்தான் இருக்கணும், அதுக்குப் பதிலா மத்தவங்களுக்கு ஒரு போட்டோவுக்கு 15 சதவீதம்னா எக்ஸ்க்ளூசிவ் ஆளுங்களுக்கு 25லேர்ந்து 45 வரைக்கும்னு வச்சாங்க. அலமிங்கிற இன்னொரு போட்டோ ஏஜென்சி 2019ல ஒவ்வொரு படத்தையும் தனித்தனியா எக்ஸ்க்ளூசிவ்னு மார்க் பண்ண விட்டு அதுக்கு 50, மத்ததுக்கு 40னு குடுத்தாங்க. அதனால "நீங்க ஏத்துக்கிட்ட படம் மட்டும் எக்ஸ்க்ளூசிவ்"னு நீங்க கேட்டா யாரும் விநோதமா பாக்க மாட்டாங்க, இந்தத் தொழில்ல இருக்கிற பழக்கம்தான் அது.

ஆளைக் கட்டுற கான்ட்ராக்ட்ல பெரிய வம்பே அவங்க வேணாம்னு ஒதுக்குற படம்தான். அவங்களும் விக்க மாட்டாங்க, நீங்களும் வெளிய குடுக்க முடியாது, படம் ஹார்ட் டிஸ்க்ல தூங்கும். "ரிஜெக்ட் ஆன படமும், 60 நாளுக்குள்ள சைட்ல ஏத்தாத படமும் எனக்கே திரும்பிடும்"னு ஒரு வரி கேளுங்க. அதே ஷூட்ல எடுத்த ஒரே மாதிரி ஃப்ரேமை வெளிய குடுக்கக் கூடாதுன்னு அவங்க சொல்வாங்க, அது நியாயம், ஒத்துக்கோங்க. ஆனா நேரடி க்ளையன்ட்டுக்குப் பண்ற அசைன்மென்ட், ப்ரிண்ட் விக்கிறது, புத்தகம், கண்காட்சி, சொந்த போர்ட்ஃபோலியோ இதெல்லாம் இதுல வராதுன்னு பேர் சொல்லி எழுதி வாங்கணும். எழுதலன்னா எல்லாம் உள்ளதான்.

இப்ப அந்த 40க்கு வருவோம். எதுல 40? கஸ்டமர் குடுக்குற காசுலயா, ஏஜென்சி கைக்கு வந்து சேர்ற காசுலயா? கஸ்டமர் 100 குடுக்குறார், நடுவுல வேற நாட்டு சப் ஏஜென்ட் (ஏஜென்சிக்காக அங்க படத்தை விக்கிறவர்) 40 எடுத்துக்கிட்டா இவங்களுக்கு வர்றது 60, அதுல உங்க 40 சதவீதம்னா 24. ரெண்டு சப் ஏஜென்ட் இருந்தா இன்னும் தேயும். எக்ஸ்க்ளூசிவ் இல்லாத 25க்கும் இதே வெட்டு உண்டு, அதையும் சேர்த்துப் போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. நடுவுல ஒரு கைக்கு மேல போகக் கூடாதுன்னு கேக்கலாம், சில ஏஜென்சி ஒத்துக்குவாங்க.

காலக்கெடு விஷயத்துல 3 வருஷத்தை விட எனக்கு பயம், கான்ட்ராக்ட் தானா புதுப்பிச்சுக்கிற ஷரத்துதான். இன்னொண்ணு, சில கான்ட்ராக்ட்ல 3 வருஷங்கிறதை ஒவ்வொரு படத்தையும் ஏத்துன தேதிலேர்ந்து கணக்கு போடுவாங்க, நீங்க வெளிய வந்த பின்னாடியும் கடைசியா குடுத்த படம் மாட்டிக்கிட்டே இருக்கும். முதல்ல 1 வருஷம்னு கேட்டுப் பாருங்க, முடியாதுன்னா "12 மாசத்துல இவ்வளவு விக்கலன்னா எக்ஸ்க்ளூசிவ் தானா போயிடும்"னு கேளுங்க. வித்தாலும் விக்கலன்னாலும் இவ்வளவு தரணும்னு நிச்சயத் தொகை கேட்டா மூஞ்சிய திருப்புவாங்க, இந்த 12 மாச நிபந்தனை அவங்க கைக்காசைத் தொடாததால கொஞ்சம் சுலபமா ஓகே ஆகும்.

உங்க பழைய படம் ஏதாவது மைக்ரோஸ்டாக் சைட்ல (கம்மி விலைக்கு நிறைய பேருக்கு படம் விக்கிற சைட்) ராயல்டி ஃப்ரீயா ஏற்கனவே வித்திருந்தா இப்பவே சொல்லிடுங்க. வித்த லைசென்ஸை திருப்பி வாங்க முடியாது, ஆனா இங்க கையெழுத்து போடும்போது "இந்தப் படம் வேற எங்கயும் போகல"ன்னு உறுதி குடுக்குறீங்க, நாளைக்கு பிரச்னை வந்தா நஷ்டஈடு உங்க தலையில.

காப்பிரைட்டை எழுதிக் குடுக்குற மாதிரி எந்த வரி இருந்தாலும் அதுல மட்டும் அசையாதீங்க, படத்தைப் பயன்படுத்த லைசென்ஸ் குடுத்தா போதும். ஏஐ ட்ரெயினிங்குக்கு படத்தைக் குடுக்கலாமா, குடுத்தா பங்கு எவ்வளவுன்னும் தனியா எழுதச் சொல்லுங்க. பணம் மாசாமாசமா, மூணு மாசத்துக்கு ஒருதரமா, குறைஞ்சபட்ச பேஅவுட் எவ்வளவு, இதெல்லாம் விட்டுக் குடுக்கலாம்.

பயத்துக்கு பதில்: அவங்க அனுப்பினது எல்லாருக்கும் போற டெம்ப்ளேட், திருத்தம் கேட்டா கோவம் வராது, பத்து திருத்தம் கேட்டா சலிப்பு வரும். மூணு எடுங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி காரணம் எழுதி மெயில் போடுங்க. போன்ல "அதெல்லாம் பாத்துக்கலாம்"னு சொன்னா நம்பி கையெழுத்து போட்டுடாதீங்க, பல கான்ட்ராக்ட்ல கடைசியில "இதுல எழுதினது மட்டுமே ஒப்பந்தம்"னு ஒரு வரி இருக்கும், போன் பேச்சும் மெயில் பேச்சும் அதோட காலி, திருத்தம் கான்ட்ராக்ட்லயே ஏறணும்.

கேள்வி: ஏற்கனவே எக்ஸ்க்ளூசிவ்ல இருக்கேன். என் படத்தை யாரோ திருடி விளம்பரத்துல போட்டிருக்காங்க, நானே நோட்டீஸ் அனுப்பலாமா?

பதில்: முதல்ல கான்ட்ராக்டைப் பாருங்க, எக்ஸ்க்ளூசிவ்ல அந்த உரிமையை ஏஜென்சியே வச்சிருக்கறது சகஜம். அப்படின்னா ஸ்க்ரீன்ஷாட், லிங்க், தேதி எல்லாம் சேத்து அவங்களுக்கு அனுப்பி, நடவடிக்கை எடுப்பீங்களா இல்ல நான் எடுக்கவான்னு ஒரு கெடு வச்சுக் கேளுங்க. அவங்க வேணாம்னு விட்டுட்டா அதை எழுத்துல வாங்கிட்டு நீங்க இறங்குங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு, அந்த விளம்பரத்துக்கு ஏஜென்சியே லைசென்ஸ் குடுத்திருக்காங்களான்னு கேட்டுக்கோங்க, சப் ஏஜென்ட் வழியா வித்தது உங்க ஸ்டேட்மென்ட்ல வர சில மாசம் ஆகும்.