கூத்து மேடையிலிருந்து ஒலிநூலுக்கு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

இருபது வருஷத்துக்கு மேல் தெருக்கூத்தில் வேஷம் கட்டியவன் நான். வீடு கடலூர் முதுநகர். சில வருஷமாக ஒலிநூல் வாசிக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஐயா, நான் நாடகம் படிக்கிறேன். மைக் முன்னால் நான் கத்துவதுபோல இருக்கிறது என்கிறார்கள். குரலைக் குறைக்கணுமா? (முத்தியால்பேட்டை)

குறைக்க வேண்டாம் தம்பி. குறைத்தால் கிசுகிசுப்புதான் மிஞ்சும். முதல் பதிவில் நான் துரியோதனன் சபைக்கு வருகிற தோரணையில் ஆரம்பித்தேன். கணினித் திரையில் ஒலி அலை மேலும் கீழும் முட்டி, நுனி வெட்டின மாதிரி நின்றது. ஒலிப்பதிவாளர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு மைக்குக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். "அண்ணே, எனக்கு மட்டும் சொல்லுங்க" என்றார். குரல் தானாக இறங்கியது.

இன்னொன்று. ஒலிநூலில் நமக்குக் கிடைப்பது ராஜா வேஷம் இல்லை, கட்டியங்காரன் வேஷம். எல்லாரையும் சபைக்கு அழைத்து வருபவன் அவன்தான். ஜனங்களோடு நேராகப் பேசுபவனும் அவன்தான். ஒரு பாத்திரத்தின் சாயலைக் கொஞ்சம் காட்டிவிட்டு உடனே தன் குரலுக்குத் திரும்பிவிடுவான். அந்தத் திரும்புதலைப் பழகுங்கள், மற்றது தானே வரும்.

பெண் பாத்திரம் பேசும்போது குரலை மாற்றணுமா? (பண்ருட்டி)

கீச்சுக்குரல் வேண்டவே வேண்டாம். கூத்தில் திரௌபதி வேஷத்தைக் காலங்காலமாக ஆண்கள்தான் கட்டினார்கள். துகில் உரிதலில் ஊரே அழுதது அந்த மூச்சுக்கும் நிறுத்தத்துக்கும்தான்.

அண்ணா, வீட்டிலேயே பதிவு செய்ய முடியுமா? (நெல்லிக்குப்பம்)

முடியும்மா. ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்து உட்காருங்கள், எதிரொலி அடங்கும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராக வைத்தால் 'ப' வருகிற இடமெல்லாம் காற்று மோதிப் படார் என்று கேட்கும். மொடமொடப்பான சேலை கட்டாதீர்கள், சரசரப்பு பதிவாகும். ஆடிபிள் என்கிற ஒலிநூல் விற்பனைத் தளத்துக்குப் பதிவுகளை வாங்கித் தருகிற ஏசிஎக்ஸ் தளம், பேசாத இடத்தில் இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குமேல் போகக்கூடாது என்கிறது. எங்கே கொடுப்பதானாலும் அதையே குறியாக வையுங்கள். காக்கை எழுவதற்குமுன் வேலையை முடித்துவிடுவது என் வழக்கம்.

பழக எதை வாசிக்கலாம்? (திருப்பாதிரிப்புலியூர்)

உங்கள் ஊரில் பிறந்த புதுமைப்பித்தன் இருக்கிறாரே! அவர் மறைந்தது 1948இல். நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரைதான் பதிப்புரிமை, அதனால் யார் அனுமதியும் வேண்டாம். எழுத்துநடையும் பேச்சுநடையும் மாறி மாறி வரும் கதைகள் நல்ல பயிற்சி. பென்சிலால் மூச்சு வாங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ழ, ள, ல மூன்றையும் பதிவு செய்து நீங்களே கேளுங்கள்.

சம்பளம் எப்படிப் போடுவார்கள்? (வில்லியனூர்)

பெரும்பாலும் முடிந்த ஒலியின் மணிக்கணக்கில். படித்துத் தயாரானது, தப்பைத் திரும்ப வாசித்தது எதுவும் அதில் சேராது. அதையும் யோசித்துத் தொகை பேசுங்கள். ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். உங்கள் குரலை வைத்துச் செயற்கைக் குரல் தயாரிக்கலாம் என்று ஒரு வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். நான் ஒரு வேலையை அப்படித்தான் விட்டேன்.

இன்னும் கூத்துக்குப் போகிறீர்களா? (குறிஞ்சிப்பாடி)

போகாமல்? திரௌபதி அம்மன் கோயிலில் கூத்து என்றால் போய்விடுவேன். விடிய விடியப் பாடிய தொண்டை தேற இரண்டு நாளாகும். அந்த இரண்டு நாளும் மைக்கைத் தொடமாட்டேன்.