தொழுநோய்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: டாக்டர், தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா?
பதில்: ஒட்டாது. சிகிச்சை எடுக்காத ஒருவரோடு பல மாதம் நெருங்கிப் பழகினால், மூக்கு, வாயிலிருந்து தெறிக்கும் துளிகள் வழியாகப் பரவலாம். அப்போதும் பெரும்பாலானவர்களின் உடம்பே கிருமியைச் சமாளித்துவிடும். மாத்திரை ஆரம்பித்துவிட்டால் அவரிடமிருந்து பரவாது.

கேள்வி: கையில் வெளிறிய தேமல். பயமாக இருக்கிறது.
பதில்: கண்ணை மூடிக்கொள்ளுங்கள், வேறு யாரையாவது பஞ்சு நுனியால் அங்கே தொடச் சொல்லுங்கள். தொட்டது தெரியவில்லையென்றால் இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். தெரிந்தாலும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

கேள்வி: விரல் அழுகி விழுமாமே?
பதில்: விழாது. நரம்பு கெட்டு உணர்ச்சி போய்விடுகிறது, அதுதான் வினை. ஒருவர் சூடான டம்ளரைப் பிடித்தபடி என்னிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கீழே வைத்தபோது இரண்டு விரலில் கொப்புளம். வலிக்காத புண்ணை யார் கவனிப்பார்கள்? அது சீழ் பிடித்து, எலும்பு கரைந்து, விரல் குட்டையாகிறது. அதனால் தினமும் ராத்திரி கை, காலைப் பாருங்கள். செருப்புக்குள்ளும் கைவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: வெண்குஷ்டம் முற்றினால் தொழுநோய் ஆகுமா?
பதில்: ஆகாது. அது வெண்புள்ளி, தோலின் நிறமி போய்விடுவது. கிருமியே கிடையாது. அந்தப் பெயரால் எத்தனை கல்யாணம் நின்றிருக்கிறது!

கேள்வி: 'குஷ்டரோகி' என்று சொல்லக்கூடாது என்கிறீர்களே, பெயரை மாற்றினால் நோய் மாறிவிடுமா? அகராதியில் உள்ள சொல்தானே?
பதில்: அகராதியில் வசவும்தான் இருக்கிறது. "அந்தக் குஷ்டரோகியைக் கூப்பிடு" என்று உள்ளேயிருந்து குரல் வந்ததும், வரிசையில் நின்ற ஒரு பெண் சீட்டை பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எட்டு மாதம் கழித்து வந்தபோது விரல்கள் மடங்கியிருந்தன. சொல் செய்த வேலை அது.

கேள்வி: முன்வினை என்கிறார்களே?
பதில்: 1873-லேயே நார்வே மருத்துவர் ஹான்சன் இந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த கேள்வி.

கேள்வி: எத்தனை நாள் மாத்திரை?
பதில்: வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். அதிலுள்ள ரிஃபாம்பிசின் மருந்தால் சிறுநீர் சிவக்கும், குளோஃபாசிமின் மருந்தால் தோல் கறுக்கும். பயந்து நிறுத்தாதீர்கள்.

கேள்வி: கைகுலுக்கினால் வருமா?
பதில்: முதல் பதில்.

கேள்வி: ஒரே சோப்பு?
பதில்: முதல் பதில் ஐயா!

கேள்வி: அப்பாவுக்கு நாலாவது மாதம். தேமல் திடீரென்று சிவந்து வீங்குகிறது, கை வலிக்கிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா?
பதில்: மாத்திரையின் குற்றமில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு சீறுகிறது, ரியாக்‌ஷன் என்போம். மாத்திரையை நிறுத்தாமல் இன்றைக்கே கூட்டிப்போங்கள். ஸ்டீராய்டு தாமதமானால் நரம்பு போய்விடும். இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.