ஒரே நாளில் அரிப்பை அடக்கும் கண் சொட்டு மருந்தில் என்ன இருக்கிறது?

கேள்வி: என் பையனுக்கு 9 வயது. கோடை வந்தால் இரண்டு கண்ணும் அரித்துச் சிவந்துவிடும், கசக்கிக்கொண்டே இருப்பான். இரண்டு வருடமாக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தைப் போட்டோம். ஒரே நாளில் அடங்கிவிடும். இந்த முறை கண் டாக்டர் ஓலோபடடின் எழுதித் தந்தார். நான்கு நாளாகியும் அரிப்பு முழுசாகப் போகவில்லை. இதை மாதக்கணக்கில் போட்டால் பழகிவிடுமா? பழைய மருந்துக்கே போகலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: ஓலோபடடினையே தொடருங்கள். பழைய மருந்துக்குப் போக வேண்டாம்.

ஒவ்வாமை வந்த கண்ணில் ஹிஸ்டமின் என்ற பொருள் சுரப்பதால்தான் அரிக்கிறது. ஓலோபடடின், கீட்டோடிஃபென் போன்ற மருந்துகள் ஹிஸ்டமினைத் தடுக்கும். அதைச் சுரக்கும் செல்களையும் அமைதிப்படுத்தும். முதல் வேலை சில நிமிடங்களில் நடந்துவிடும். இரண்டாவதற்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், நான்கு நாளில் முடிவு கட்டாதீர்கள். இது பழகிப்போகும் மருந்து இல்லை. டாக்டர் பார்வையில் சீசன் முழுவதும் போடலாம். 0.1 சதவீத மருந்து என்றால் நாளுக்கு இரண்டு வேளை, 0.2 என்றால் ஒரு வேளை. அரிக்கும்போதெல்லாம் ஊற்றினால் கூடுதல் பலன் எதுவும் கிடையாது.

எனக்குக் கவலையாக இருப்பது அந்தப் பழைய மருந்துதான். ஒரே நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கிவிடும் என்று நீங்கள் சொன்னதுமே அதில் ஸ்டீராய்டு இருந்திருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன். காலிப் பெட்டி வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரட்னால், இவற்றில் எந்தப் பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு. பல சமயம் ஒரு ஆன்டிபயாடிக்கோடு கலந்து வரும். கடைக்காரர் "இது கண் வலி மருந்துதான்" என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்.

ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கும், அதனால்தான் ஜனங்கள் அதை நம்புகிறார்கள். ஆனால் வாரக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண்ணின் அழுத்தம் ஏறும். குழந்தைகளுக்கு இன்னும் வேகமாக ஏறலாம். வலிக்காது, சிவக்காது, பையனும் ஒன்றும் சொல்ல மாட்டான். உள்ளே பார்வை நரம்பு தேய்ந்துகொண்டிருக்கும். இதைத்தான் கிளாக்கோமா என்கிறோம், இதில் போன பார்வை திரும்பாது. சின்ன வயதிலேயே கண்புரையும் வரலாம். அரிப்புக்கு மருந்து வாங்கப் போன குடும்பம் பார்வையை இழந்து திரும்புவதைப் போல எனக்குக் கோபம் வரவைப்பது வேறெதுவும் இல்லை.

பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். அரசு மருத்துவமனை வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும், கடையில் ஐந்து நிமிடம்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மருந்துகளை விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கேட்பார் யார்? விரல் நீளப் பாட்டிலில் எறும்பு அளவு ஆங்கில எழுத்தில் பெயரை அச்சடித்துவிட்டு, படித்துப் பார்த்து வாங்க வேண்டியது உங்கள் பொறுப்பு என்கிறார்கள். தமிழில் 'ஸ்டீராய்டு உள்ளது' என்று ஒரு வரி போட என்ன செலவாகிவிடும்?

சிவப்பை நிமிடத்தில் வெளுக்கவைக்கும் நாஃபசோலின் கலந்த சொட்டுகளும் வேண்டாம். சில நாள் போட்டு நிறுத்தினால் கண் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும்.

அதற்காக ஸ்டீராய்டே கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். இந்த வயதுப் பையன்களுக்குக் கோடையில் வருவது பெரும்பாலும் வெர்னல் என்ற கண் ஒவ்வாமை வகை. சிலருக்கு அது முற்றி மேல் இமையின் உள்ளே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும், கருவிழியை உரசிப் புண்ணாக்கும். அப்போது கண் டாக்டரே ஸ்டீராய்டு எழுதுவார், எழுதத்தான் வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், அவர் இத்தனை நாள் என்று சொல்வார், படிப்படியாகக் குறைப்பார், நடுவில் கூப்பிட்டு அழுத்தம் அளப்பார். அப்படி எழுதித் தந்ததைப் பயந்துபோய் பாதியில் நிறுத்தாதீர்கள், கண் மறுபடி கொதித்தெழும். அதே சீட்டை அடுத்த கோடையில் கடையில் நீட்டி வாங்கவும் வாங்காதீர்கள். அந்தச் சீட்டு அந்த முறைக்கு மட்டும்தான்.

சொட்டு விடும்போது கையைக் கழுவி, கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டால் போதும். இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். பாட்டில் முனை கண்ணில் படக் கூடாது. மூக்கோரக் கண் முனையை ஒரு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்காது. வேறு சொட்டும் இருந்தால் ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். திறந்து ஒரு மாதம் ஆன பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கசக்குவதை எப்படியாவது நிறுத்துங்கள். வருடக்கணக்கில் கசக்கினால் கருவிழி கூம்பு மாதிரி முன்னால் பிதுங்கிப் பார்வை கெடும். அரிக்கும்போது குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றிக்கொடுங்கள்.

வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, மங்கல், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரம் ஒருமுறை போய், கடையில் வாங்கி இரண்டு வருடம் போட்டதை மறைக்காமல் சொல்லி, கண் அழுத்தத்தை அளந்து நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பெட்டி கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள்.